லிஃப்ட் ஸ்பிரிங்: கடையில் வண்டியை விடாதீர்கள், ஸ்ட்ரட்டை மட்டும் கொடுங்கள்

டொயோட்டா டகோமா, ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த லிஃப்ட் ஸ்பிரிங் போடுவதென்றால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்குங்கள்.

கூலியில் பெரும்பங்கு கழற்றி மாட்டுவதற்குத்தான் போகிறது. அதற்கு சாக்கெட் செட், ஜாக், ஸ்டாண்ட், நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் (torque wrench) போதும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிரிப்பதுதான் ஆபத்து. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் கடையில் இருக்கும். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே உள்ள பெரிய நட்டை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம், ஸ்பிரிங் சீறிப் பாய்ந்தால் கை போய்விடும். சுற்றியுள்ள சின்ன நட்டுகளைக் கழற்றினால் போதும். திரும்ப மாட்டும்போது ரப்பர் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக முறுக்குங்கள். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) உள்ள பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. பனிக்கு உப்புத் தூவும் ஊரில் ஓடித் துருப்பிடித்த வண்டியென்றால் மொத்தமாகக் கடையிலேயே விடுங்கள், போல்ட் உடைந்தால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் போச்சு. அப்புறம், வீல் அலைன்மென்ட் செலவு எப்படியும் உண்டு.