அபராதம் கட்ட முடியாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, திருப்பூர் பக்கத்து நீதிமன்றங்களில் புதிதாக வாதாட வரும் இளைஞர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த பிழைகளையே மறுபடியும் செய்கிறார்கள். வாய்தாவுக்கு வராமலிருப்பது, ரசீதைத் தொலைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீர்ப்பன்றே வட்டிக்கு வாங்கிக் கட்டுவது

இன்றளவும் எனக்கு ஆத்திரமூட்டுவது இதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பானதும், பல்லடம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், "இன்னைக்கே கட்டோணுமுங்களா?" என்று தம் இளம் வழக்கறிஞரிடம் கேட்டார். "ஆமாம்" என்று பதில் வந்தது. மதியத்துக்குள் அவர் மனைவியின் தோடு அடகுக்குப் போனது. பற்றாக்குறைக்கு மீட்டர் வட்டிக் கடன் வந்தது.

அந்தப் பதில் தவறு. அபராதம் மட்டுமே தண்டனையாகவும், கட்டத் தவறினால் சிறை என்றும் விதிக்கப்பட்டிருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 424) முழுத்தொகையையும் 30 நாட்களுக்குள் கட்டவோ, இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்துக் கட்டவோ நடுவர் அனுமதிக்கலாம். முதல் தவணை 30 நாட்களுக்குள் வர வேண்டும். தவணைகளுக்கு இடையே 30 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. அதுவரை சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கலாம். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். இது நடுவரின் விருப்புரிமை என்பதால், வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்கும்போது "ஏழைங்க ஐயா" என்று நிறுத்திவிடாமல், வாரக் கூலி எவ்வளவு, கூலி கைக்கு வரும் கிழமை எது, எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்று மனுவில் எழுதி, குடும்ப அட்டை நகலையும் இணையுங்கள்.

மேல்முறையீடு போட்டால் போதும் என்றிருப்பது

போதாது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனி உத்தரவு பெற வேண்டும்.

உள்ளே போனபின் பாதி கட்டிப் பயனில்லை என்று நினைப்பது

பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 8ஆம் பிரிவின்படி, கட்டிய தொகைக்கு ஏற்பச் சிறைக்காலம் குறையும். கட்டத் தவறினால் நான்கு மாதச் சிறை என்று விதித்த அபராதத்தில் பாதியைக் கட்டினால், இரண்டு மாதம் முடிந்ததும் வெளியே வரலாம். முழுவதும் சேரட்டும் என்று வீட்டார் காத்திருப்பதால், கைதி உள்ளே இருக்கும் நாட்கள்தான் கூடுகின்றன.

சட்ட உதவிக்குப் போகாதது

பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அபராதம் கட்ட வழியின்றிச் சிறையில் இருக்கும் ஏழைத் தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. உறவினர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, அதற்குத் தம் ஆளின் பெயர் அனுப்பப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும்.