எடை மெஷினைப் பரணில் ஏற்றிய பிறகு

ஆறு கிலோ குறைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் நான் செய்த முதல் தப்பு, தினமும் காலையில் எடை பார்த்தது. முள் கொஞ்சம் இறங்கினால் அன்று முழுக்க உற்சாகம். ஏறினால், 'இவ்வளவு நடந்தும் என்ன பிரயோஜனம்' என்று செருப்பை மாட்டக்கூட மனசு வராது. இப்படியே மூன்று முறை பாதியில் விட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. உடம்பில் தங்கும் நீர், உப்பு, முந்தின இரவுச் சாப்பாடு இவற்றாலேயே எடை ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. அரைக் கிலோ குறையவே ஒரு வாரம் போல ஆகும்.

மெஷினைப் பரணில் ஏற்றினேன். தினமும் 40 நிமிட நடை, அவ்வளவுதான் இலக்கு. நடந்த நாளில் காலண்டர் தேதியைப் பேனாவால் வட்டமிடுவேன். மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அன்றைய வேலை என் கையில் இருந்தது. முடிந்ததும் மனசு லேசானது. காய்ச்சலில் நான்கு நாள் விடுபட்டபோதுகூடப் பதறவில்லை. ஐந்தாம் நாள் பத்தே நிமிடம் நடந்தேன், அதற்கும் வட்டம் போட்டேன். இந்தச் சலுகை இல்லாவிட்டால் அன்றே விட்டிருப்பேன்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் எடை பார்க்கிறேன். போன மாதம் அதுவும் மறந்துவிட்டது. நடைக்கு நேரமாகிவிட்டதே என்று கிளம்பிவிட்டேன்.