பையன் ‘கட்’ அடித்தால் வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

முதன்முறையாக வகுப்பு ஆசிரியர் பொறுப்பு ஏற்றவர்களுக்கு இது. கடலூரில் எட்டாம் வகுப்புப் பையன்களோடு மல்லுக்கட்டுகிற அனுபவத்தில் எழுதுகிறேன்.

படி 1: ஜூன் மாதமே போன் எண்ணைச் சரிபாருங்கள்

என் முதல் வருடம் ஒரு பையனின் வீட்டுக்கு என்று நினைத்துப் போன் செய்தேன். கனத்த குரலில் ஒருவர், “காய்ச்சல் சார், நாளைக்கு அனுப்புறேன்” என்றார். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த எண்ணே பையன் கையில் இருந்த போனுடையது. பேசியது அவன் கூட்டாளி. அதிலிருந்து இரண்டு எண் வாங்குகிறேன். அதில் ஒன்று அம்மாவுடையதாக இருக்கும், அவர் குரலையும் ஒரு தடவை கேட்டுவிடுவேன்.

படி 2: வரவில்லை என்பதை உறுதி செய்யுங்கள்

மைதானத்தில் பயிற்சியில் இருக்கலாம், யாராவது வேலையாக அனுப்பியிருக்கலாம். பக்கத்து பெஞ்சுப் பையனைத் தனியாகக் கேளுங்கள். வகுப்பு முன்னால் கேட்டால் அடுத்த முறை ஒருவனும் வாய் திறக்க மாட்டான்.

படி 3: முதல் பீரியட் முடிவதற்குள் போன்

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பியவன் பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால், அவன் கட் அடித்தானா, வேறு ஏதாவது ஆனதா என்று நமக்குத் தெரியாது. சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கிறது. அலைக்கு யூனிஃபார்ம் அடையாளம் தெரியாது.

தேவனாம்பட்டினம், முதுநகர் பிள்ளைகள் என்றால் அப்பா கடலில் இருப்பார், போன் எடுக்காது. அம்மா மீன் விற்றுக்கொண்டிருப்பார். அதனால் சுருக்கமாக, கேள்வியில் தொடங்குங்கள்:

“வணக்கம்மா, தம்பியோட கிளாஸ் சார் பேசுறேன். தம்பி வீட்லதான் இருக்கானா?”

“காலையிலயே கிளம்பிட்டானே சார்!”

“இங்க இன்னும் வரலைம்மா. பஸ் ஸ்டாண்டுல பசங்க பாத்திருக்காங்க. தேடிப் பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”

அவ்வளவுதான். “உங்க பையன் ஊர் சுத்துறான்” என்பது நம் தீர்ப்பு. அதைச் சொன்னால் ராத்திரி அவனுக்கு அடி விழும், மறுநாளும் வர மாட்டான். தேடியும் கிடைக்கவில்லை என்றால் தாமதிக்காமல் தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் போலீசுக்குத் தகவல் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

படி 4: எழுத்திலும் ஒரு வரி

“இன்று முதல் பீரியடில் தங்கள் மகன் வகுப்பில் இல்லை. காலை 9.40-க்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.” இதை அம்மாவின் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அந்தக் குடும்பம் அப்புறம் உங்களோடு பேசாது.

படி 5: நேரில் பேசுங்கள்

பெற்றோரோடு முதலில் தனியாக, பிறகு பையனோடு. கணக்குப் பாடத்துக்குப் பயமா, யாராவது கிண்டல் செய்கிறார்களா, துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போகிறானா? 14 வயதுக்குக் கீழ் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அப்படி இருந்தால் அதற்கும் 1098 தான். “பேரை அடிச்சிடுவேன்” என்று மட்டும் மிரட்டாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. பிரம்புக்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. திரும்பத் திரும்ப நடந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்வாருங்கள்.

அவன் திரும்பி வந்த அன்றும் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். “தம்பி வந்துட்டான்மா” என்று சொல்லப் பத்து நொடிதான் ஆகும்.