ஸ்டார்டர் செட் வாங்கும் முன் விலையை எப்படிப் பார்ப்பது

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆட ஆசை வந்து தேட ஆரம்பித்தால், ஸ்டார்டர் செட் என்ற புதியவர்களுக்கான தொடக்கப் பெட்டி ஒரே விளையாட்டுக்கே 20 டாலரில் ஒன்று, 50 டாலரில் ஒன்று என்று வந்து நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் மலிவானதை எடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பிப் பெரியதை எடுக்கிறார்கள். பெட்டிக்குள் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்க்காமல் இந்த இரண்டு முடிவையும் எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. கீழே சொல்லும் விலைகள் எல்லாம் வெளியானபோது அமெரிக்காவில் அறிவித்த விலைகள்.

1. முதலில் காசில்லாமல் ஆடுங்கள்

இந்த வகையில் மிகவும் பெயர்பெற்ற விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதேபோன்ற இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில், பதிப்பாளரின் அனுமதியோடு, இலவசமாக இருக்கின்றன. திகில் கதை விளையாட்டான கால் ஆஃப் கதுலுவுக்கு இலவச அறிமுகக் கையேடு உண்டு, அதிலேயே ஒரு முழு சாகசமும் (ஆடுவதற்குத் தயாராக எழுதிவைத்த கதை) இருக்கிறது. நண்பர்கள் மூன்று நான்கு பேர் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். விதிகள் பாதிதான் புரியும், பரவாயில்லை. அன்றைக்குத் தெரிய வேண்டியது உங்களில் யார் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், என்பது. கதையை நடத்த ஆள் இல்லாத கூட்டத்துக்கு 20 டாலர் பெட்டியும் வீண்தான், அது அலமாரியில்தான் கிடக்கும்.

2. விடுபட்டது என்ன என்று பாருங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்டர் செட்டின் விலை 19.99 டாலர். 32 பக்க விதிப்புத்தகம், 64 பக்க சாகசம், தயாராக எழுதப்பட்ட 5 கதாபாத்திரங்கள், 6 பகடைகள். சாகசம் அருமையானது, கதாபாத்திரங்களின் திறமை வளரும் படிகளில் முதல் நிலையில் தொடங்கி ஐந்தாம் நிலை வரை போகும். ஆனால் சொந்தமாகக் கதாபாத்திரம் உருவாக்கும் விதிகள் அந்தப் பெட்டியில் கிடையாது. 2019இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் 24.99 டாலர். கூடுதலான அந்த 5 டாலருக்குக் கதாபாத்திரம் உருவாக்கும் விதிகள், 11 பகடைகள், கேம் மாஸ்டர் முன்னால் வைத்துக்கொள்ளும் மறைப்பு அட்டை, ஆள் குறைவாக இருந்தால் துணைக்கு ஒரு பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு ஆட்டக்காரரோடும் ஆடும் வழி, இத்தனையும் வருகிறது. புதியவர்களில் பாதிப் பேராவது “என் ஆளை நானே உருவாக்க வேண்டும்” என்றுதான் வருவார்கள், அவர்களுக்கு 20 டாலர் பெட்டி உண்மையில் மலிவு இல்லை, ஏனென்றால் சீக்கிரமே இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

3. விலை கூடிய பெட்டியில் எதற்குக் காசு போகிறது?

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் பிகினர் பாக்ஸ் 2020இல் 39.99 டாலருக்கு வந்தது. விரிக்கும் வரைபடம், நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைக் காய்கள், ஒருவர் மட்டும் தனியாக ஆடிப் பழகும் கதை எல்லாம் உண்டு. 2025இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ் 49.99 டாலர். அதில் சீட்டுகள், காய்கள், வரைபடங்கள் நிறைய, ஆனால் மூன்றாம் நிலை வரைதான் போகலாம். கதையின் நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய 19.99 பெட்டிதான் அதிக தூரம் கூட்டிப்போகும். அதற்காகப் புதியதை ஒதுக்க வேண்டாம்: புத்தகம் படிக்கச் சோம்பல்படுகிற, போர்டு கேம் பழக்கமுள்ள வீட்டில் அந்தச் சீட்டும் காயும்தான் ஆட்டத்தையே தொடங்கிவைக்கும். படிக்கப் பிடித்த கூட்டமென்றால் அந்தப் பணம் அவர்களுக்குத் தேவையில்லாத அட்டைக்குப் போகிறது.

4. தலைக்கு எவ்வளவு?

ஐந்து பேர் சேர்ந்தால் 50 டாலர் பெட்டி தலைக்கு 10 டாலர். ஒருவரே வாங்கி மற்றவர்கள் சும்மா வருவதைவிடப் பகிர்ந்துகொள்வது நல்லது, காசு போட்டவர் அடுத்த வாரமும் வருவார். இரண்டே பேர் என்றால் கால் ஆஃப் கதுலு ஸ்டார்டர் செட்டைப் பாருங்கள். முதல் கதையைத் தனியாகவே ஆடலாம், அடுத்தது ஒரு கேம் மாஸ்டர், ஒரு ஆட்டக்காரர் என்று இரண்டு பேருக்கே எழுதியது.

5. பெட்டி முடிந்த பிறகு?

ஸ்டார்டர் செட் ஒரு வாசல், அடுத்த செலவு அதற்குப் பின்னால் நிற்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய பதிப்பில் அடிப்படைப் புத்தகங்கள் 3, ஒவ்வொன்றும் 49.99 டாலர். சேர்த்தால் 150 டாலர் ஆகிவிடும். இலவச விதிகள் இருப்பதால் உடனே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, தேவைப்பட்டால் முதல் புத்தகம் மட்டும் போதும். டிராகன்பேன் என்ற வேறொரு விளையாட்டின் கோர் செட் மாதிரியான பெட்டியில் முழு விதிகளும் 11 சாகசங்களும் சேர்ந்தே இருக்கின்றன, அதன் விலையை 20 டாலர் பெட்டியோடு ஒப்பிடாதீர்கள், அந்த 150 டாலரோடு ஒப்பிடுங்கள்.

6. பழையது வாங்கினால்

செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இந்தப் புத்தகங்கள் கெட்டுப்போகிற பொருள் இல்லை. பகடை குறைந்தாலும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சாகசப் புத்தகம், கதாபாத்திரத் தாள்கள், வரைபடம் மூன்றும் இருக்கின்றனவா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், உங்கள் கூட்டத்தில் யாராவது அந்தச் சாகசத்தை ஏற்கெனவே ஆடியிருக்கிறார்களா என்றும் விசாரித்துவிடுங்கள். ஆடியவர் இருந்தால், அவரைக் கேம் மாஸ்டராக உட்கார வைத்துவிட்டு அதே பெட்டியை வாங்கலாம்.