ஸ்டீயரிங் ஆடுகிறதா? அலைன்மெண்ட் கடைக்குப் போகும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய காரில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியதும் பலரும் செய்யும் முதல் காரியம், நேராக டயர் கடைக்குப் போய் "அலைன்மெண்ட் பார்த்துடுங்க" என்று சொல்வதுதான். கடைக்காரர் ஏன் மறுக்கப் போகிறார்? பார்த்து, பில் போட்டு அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் பரனூர் டோல்கேட்டைத் தாண்டி எண்பதைத் தொட்டால் மறுபடியும் அதே நடுக்கம்.

நோயைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது போன்ற தவறு இது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்ற கணக்கு. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். நடுக்கத்துக்கு அது காரணமாக இருப்பது அரிது.

மெக்கானிக்கிடம் பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். எப்போது நடுங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். நகரத்துக்குள் ஒன்றுமில்லை, எழுபதிலிருந்து தொண்ணூறுக்குள் மட்டும் நடுக்கம் என்றால் முதல் சந்தேகம் வீல் பேலன்சிங் மேல், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை, ரிம்மில் சின்ன எடைகளை வைத்துச் சமன் செய்ய வேண்டும். முப்பது நாற்பதிலேயே ஸ்டீயரிங் மெதுவாக இடமும் வலமும் அசைந்தால், டயருக்குள் இருக்கும் பட்டை பிரிந்திருக்கலாம் அல்லது ரிம் வளைந்திருக்கலாம். பிரேக் மிதித்தால் மட்டும் என்றால் டிஸ்க், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் போய்விட்டால் சக்கரத்துக்கு எஞ்சினின் சக்தியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட். வண்டி நிற்கும்போதே, ஏசி போட்டால் நடுங்குகிறது என்றால் அது சக்கரத்தின் விவகாரமே அல்ல, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். நடுக்கம் கையில் தெரியாமல் சீட்டில் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

பேலன்சிங் செய்யப் போன இடத்திலும் ஏமாற வாய்ப்பு உண்டு. முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தால் அதுவே பேலன்சைக் கெடுக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் மெஷினில் ஏற்றினால், சேற்றுக்கும் சேர்த்து எடை வைப்பார்கள். பிறகு சேறு உதிர்ந்ததும் பழைய கதைதான். ஒட்டும் வகை எடை விழுந்திருந்தால், அது இருந்த இடம் மட்டும் ஒரு சின்னச் செவ்வகமாகத் தனியே தெரியும். மெஷினில் சக்கரம் சுழலும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம்மின் விளிம்பு உள்ளும் வெளியும் அலைந்தால் எத்தனை கிராம் வைத்தாலும் பயனில்லை. மாருதி 800 போன்ற 12 அங்குலச் சக்கரத்துக்கே எடைமேல் எடையாக வைத்துக்கொண்டு போனால், டயரிலோ ரிம்மிலோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய கார்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் டயரின் வயது. மாதத்துக்கு நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் தேயாது, ரோட்டைத் தொடும் பட்டன் அப்படியே இருக்கும். "டயர் புதுசு மாதிரிதான் இருக்கு" என்போம். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த டயரின் ரப்பர் இதற்குள் இறுகிப்போயிருக்கும். போர்டிகோவில் மாதக்கணக்கில் நின்ற காரில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் நடுக்கம் குறைந்தால் காரணம் அதுதான். அப்போது காற்றை மட்டும் சரிபாருங்கள், வேறு எதையும் மாற்ற அவசரப்படாதீர்கள். குறையவே இல்லை என்றால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கமும் கையிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி சக்கரத்தில்தான் இருக்கிறது. செலவில்லாத சோதனை, ஏனோ யாரும் செய்வதில்லை.

பிரேக் நடுக்கத்துக்கு வருவோம். "டிஸ்க் வளைஞ்சுடுச்சு, லேத்துல கொடுத்துடலாம்" என்பது ஷெட்களில் வழக்கமான தீர்ப்பு. சில சமயம் உண்மை. ஆனால் டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலும், வீல் நட்டுகளை ஏர் கன்னால் ஏனோதானோ என்று முடுக்கியிருந்தாலும் டிஸ்க் சாய்வாக உட்கார்ந்து இதே நடுக்கத்தைக் கொடுக்கும். அங்கே சுத்தம் செய்து, நட்டுகளை எதிரெதிராகச் சீராக முடுக்கிப் பார்த்துவிட்டு லேத்தைப் பற்றி யோசிக்கலாம். டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குக் கீழே கடைந்தால் ஆபத்து. பின்னால் டிரம் உள்ள வண்டியில், ஆளில்லாத ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடியே லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்வு வந்தால் முன் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்.

இனி லூஸ், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாத தளர்வு. நடுக்கமும் லூஸும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே புகாராகச் சொல்வது குழப்பத்தில்தான் முடியும். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. முன்பக்கம் இறுக்கமாக இருக்கும் வண்டி சிறிய பேலன்ஸ் குறையைக் காட்டிக்கொள்ளாது. ஜாயிண்ட்டுகள் தேய்ந்த வண்டி அதையே பெரிதாக்கி உங்கள் கைக்கு அனுப்பும். அதனால்தான் சிலருக்கு பேலன்சிங் செய்தபின் கொஞ்ச நாள் நன்றாக இருந்து, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறது.

லூஸைத் தேட ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டுவது மட்டும் போதாது. முதலில் நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை விடுவித்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து இரண்டு விரல்கடை அளவுக்கு இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டின், அதாவது சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனியில் உள்ள ஜாயிண்ட்டின், ரப்பர் பூட்டின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஜாயிண்ட் சத்தமில்லாமல் ஒன்றாகத் திரும்பும். தேய்ந்த ஜாயிண்ட்டில், தண்டு முதலில் ஒரு மயிரிழை நகர்ந்து, பிறகுதான் சக்கரம் கிளம்பும். அந்த "டக்" காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். அங்கே ஒன்றுமில்லை என்றால் ரேக்கைப் பாருங்கள், ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் பல் தண்டு அது. ரேக் எண்ட், ரேக் புஷ், ரேக்கை வண்டியோடு பிடிக்கும் போல்ட்டுகள், ஸ்டீயரிங் ஷாஃப்டின் ஜாயிண்ட் என்று மேலே வாருங்கள். அசைவு எங்கே தொலைகிறதோ அங்கேதான் வேலை.

அப்புறம் ஜாக்கி போடலாம், கல் வைத்து, ஸ்டாண்டும் வைத்து. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவது பேரிங்காக இருக்கலாம், சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அசைவு மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங் மாற்றிப் பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

மாருதி 800-இல் இன்னொன்று: சக்கரத்தை அடியில் தாங்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார்தான். அதன் ரப்பர் புஷ் நைந்தால் பிரேக்கில் "டொக்" என்று கேட்கும், வண்டி ரோட்டில் அலையும். ஸ்டீயரிங் பெட்டியைப் பிரித்துவிட்டு, ஒரு சின்ன புஷ்ஷை யாரும் பார்க்காமல் விடுவது நடக்கிற கதைதான்.

மோசமான குறுக்குவழி ஒன்று உண்டு. ரேக்கின் அட்ஜஸ்ட்மெண்ட்டை முடுக்கி லூஸை மறைப்பது. நேராக ஓடும்போதுதான் ஸ்டீயரிங் அதிகம் புழங்குகிறது, அதனால் ரேக் நடுவில்தான் தேயும். நடுவுக்குப் பொருந்துமாறு முடுக்கினால் தேயாத ஓரங்களில் இறுகும். முழுக்கத் திருப்பியபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வளைவில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஜீப்களின் ஸ்டீயரிங் பாக்ஸிலும் இதே திருகு விளையாட்டு நடக்கும், இதே பலனோடு.

டை ராட் எண்ட் மாற்றினால், கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி அதே அளவுக்குப் புதியதை ஏற்றுங்கள். நட் கழலாமல் பூட்டும் பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். பின் நுழையும் துளை சேரவில்லை என்று நட்டைப் பின்னுக்குத் தளர்த்துவதும் தவறு, இன்னும் கொஞ்சம் முன்னுக்கு முடுக்கித்தான் சேர்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள், இப்போதுதான் அதற்கு வேலை.

வீல் நட் லூஸ், பால் ஜாயிண்ட் நன்றாக ஆடுகிறது, டயரில் புடைப்பு, இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் சோதனை அத்தோடு முடிந்தது. நட்டை அங்கேயே முடுக்குங்கள், டயருக்கு ஸ்டெப்னி போடுங்கள். பால் ஜாயிண்ட் என்றால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று கணக்குப் போடாமல், வண்டியை இழுத்துப் போக ஆளைக் கூப்பிடுங்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், கையில் ஸ்டீயரிங் இருந்தும் பயனில்லை.