மலைச்சரிவில் பழைய அலுவலகத்தை இடித்துக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் கரண்ட் பில், தண்ணீர் பில் கட்டும் அலுவலகங்களில் சில இன்னும் பழைய தகரக் கூரைக் கட்டடங்களில்தான் இருக்கின்றன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டும் இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் பார்க்கிறேன். அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளையே விடுகிறார்கள். கலவை, கம்பி அளவு பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அதெல்லாம் படிப்பில் வந்துவிடும். படிப்பில் வராதவற்றைச் சொல்கிறேன்.

பின்பக்கக் கானை மூடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பழைய கட்டடத்தின் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு கான், அதாவது வடிகால், ஓடும். கருங்கல்லால் கட்டியது, பாசி பிடித்து, பாதி சருகால் நிரம்பிக் கிடக்கும். மேலேயிருந்து இறங்கும் தண்ணீரைக் கட்டடத்தில் படாமல் சுற்றி அனுப்புவதற்காக, தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகியவர்கள் போட்டது அது. புதிய வரைபடத்தில் அது இருக்காது. இடிக்கும்போது உடைந்த செங்கல்லைத் தள்ள வசதியான பள்ளமும் அதுதான். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து கானை நிரப்பும். அப்புறம் வாகனத் தரிப்பிடத்துக்கு நாலு அடி கூட வேண்டுமென்று மேட்டையும் செங்குத்தாக வெட்டும்.

இப்படிக் கட்டிய ஓர் அலுவலகத்தைத் திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி முகப்பு, டைல்ஸ் தரை, வரிசை எண் தரும் இயந்திரம் எல்லாம் இருந்தன. ஒக்டோபர் மழை பிடித்ததும் பின்சுவரின் அடியில் தண்ணீர் கசிந்தது, கோப்பறையின் டைல்ஸ் கிளம்பியது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளியது. சுவரில் தண்ணீர் வடியக் குழாய்கள் வைத்திருந்தார்கள்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் சல்லிக்கல் போடாமல், வெட்டிய களிமண்ணையே நிரப்பியிருந்தார்கள். குழாய்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீருக்கு வழியில்லாதபோது, மண்ணோடு சேர்த்துத் தண்ணீரின் அழுத்தத்தையும் சுவரே தாங்க வேண்டும். சுவரை உடைத்து, கானைத் தோண்டியெடுத்து, மறுபடியும் கட்டினோம். எல்லாம் மக்கள் பணம்.

வரைபடம் போடுமுன் ஒரு மழை நாளில் அந்த இடத்தில் போய் நில்லுங்கள். அங்கே நெடுங்காலம் இருக்கும் காவலாளியிடம் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேளுங்கள். முதலில் கானைக் குறியுங்கள், கட்டடத்தைப் பிறகு வரையலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை எல்லாம் மண்சரிவு அபாய மாவட்டங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றுக் கோப்பில் போட்டுவிட்டு, களத்தில் வேறு மாதிரி வெட்டுகிறார்கள். ஈரம் ஊறிய மலை என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் பார்த்தோமே!

காலம் பார்க்காமல் தோண்டுவது

ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே தை, மாசிதான் மண் வேலைக்கு நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் நேர்மாறு: ஆடியில் காயும், மார்கழியில் நனையும். டிசம்பருக்குள் நிதியைச் செலவழிக்க வேண்டுமென்று ஒக்டோபரிலும் நவம்பரிலும் அத்திவாரம் தோண்டுகிறார்கள். இரண்டு பக்கமும் மழை கொட்டும் மாதங்கள் அவை.

அஸ்பெஸ்டஸ் கூரை

உடைக்காதீர்கள். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்குங்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போடுகிறோம் என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

தட்டைக் கூரை

இந்த மழைக்கு வேண்டாம்.

பெயர்ப்பலகை

எழுத்தை வெட்டுமுன் தமிழ் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பில் கட்டும் யன்னலை மாடிக்கு ஏற்றுவது

தோட்டத்திலிருந்து வருகிறவர் அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) இழந்து, பஸ் பிடித்து வருகிறார். மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலோடு வருகிற வயதானவர்கள் நிறையப் பேர். அவர்களை இன்னொரு மாடி ஏறச் சொல்லிவிட்டு வீதி மட்டத்தை வாகனங்களுக்குக் கொடுப்பது அநியாயம். சரிவில் கட்டும்போது எந்தத் தளம் வீதிக்கு நேராக வருகிறதோ, அங்கேயே யன்னலை வையுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1க்கு 12. அதாவது அரை மீற்றர் ஏற 6 மீற்றர் நீளம் வேண்டும். அந்த இடத்தை வாகனத் தரிப்பிடத்திலிருந்து எடுங்கள், மேட்டில் கை வைக்காதீர்கள்.