முதலில் வந்தவர் வெல்லவில்லை: பெண்கள் மொகல்ஸ் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பில் ஆறு இளையவர்களுக்கு விளையாட்டுச் செய்தி எழுதப் பழக்குகிறேன். போன வாரம் பெண்கள் மொகல்ஸ் பனிச்சறுக்கு உலகக் கிண்ணப் போட்டி ஒன்றின் முடிவுத் தாளைக் கொடுத்தேன். தரவரிசையும் மொத்தப் புள்ளியும் தெரியாதபடி தாளை மடித்துவிட்டு, வென்றவர் யார் என்று கேட்டேன். நால்வர் ஒரே பெயரைச் சொன்னார்கள். பிழை. அந்தப் பிழையை அவர்களுக்கு முன்பே செய்து, அச்சிலும் ஏற்றியவள் நான் என்பதால் சிரிக்க முடியவில்லை.

எழுத்துப்பிழை, நாட்டின் பெயர் மாறுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை இரண்டாம் முறை வாசித்தால் கண்ணில் படும். கீழே சொல்லும் தவறுகள் படாது.

மொகலாயர்

ஒரு பிள்ளையின் கட்டுரை "முகலாயப் பனிச்சறுக்கு" என்று தொடங்கியது. கணினியின் மொழிபெயர்ப்பு அது. மொகல் என்பது சரிவில் வரிசை வரிசையாக இருக்கும் பனி மேடு. அந்த மேடுகளுக்கிடையே திரும்பித் திரும்பி, நடுவே இரண்டு முறை தாவி இறங்குவதுதான் போட்டி. ஆஸ்திரியப் பக்கத்து ஜெர்மன் பேச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அக்பருக்கு அதில் பங்கில்லை.

இதை ஓட்டப்போட்டி என்று நினைப்பது

பல வருடங்களுக்கு முன், குளிர்கால விளையாட்டுகளுக்கு ஒரு சிறு பத்தி எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு இரவு பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருந்தது. வீராங்கனைகளின் பெயர்களும் நேரங்களும் கையில் இருந்தன. முழு முடிவு இன்னும் வரவில்லை. குறைந்த நேரத்தில் இறங்கியவரைத் தலைப்பில் ஏற்றினேன். "மின்னல் வேகத்தில் தங்கம்" என்று வேறு எழுதித் தொலைத்தேன். அவர் உண்மையில் நான்காவது. காலையில் கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பத்திரிகையை நான்காக மடித்துப் பிடித்தபடி, சைக்கிளில் வந்து இறங்கினார். "பிள்ளை, இது என்ன ஓட்டமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அந்தப் பத்தி என்னிடம் இல்லை. மறுபடி என் கைக்கு வர இரண்டு வருடங்கள் ஆயின.

கணக்கு இதுதான். மொத்தம் 100 புள்ளி. அதில் 60 மேடுகளுக்கிடையே எப்படித் திரும்புகிறார் என்பதற்கு. 20 இரண்டு தாவல்களுக்கு. நேரத்துக்கு மிச்சமிருக்கும் 20 மட்டுமே. திருப்பங்களை ஐந்து நடுவர்கள் பார்க்கிறார்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, நடுவில் உள்ள மூன்றையும் கூட்டுகிறார்கள். தாவலுக்கு இன்னும் இரண்டு நடுவர்கள். அவர்கள் தரும் புள்ளி, தாவலின் கடினத்துக்கான எண்ணால் பெருக்கப்படுகிறது.

நேரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. பாதையின் நீளத்தை வைத்து ஒரு நேரத்தை முன்கூட்டியே கணித்துவைக்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் இறங்கினால் 16 புள்ளி. பாதை ஏறக்குறைய 250 மீற்றர். பெண்கள் அதை அரை நிமிடத்துக்கு உள்ளாகவே முடித்துவிடுகிறார்கள். அந்த நீளத்தில் ஒரு செக்கன் முந்தினால் கையில் வருவது ஒரு புள்ளியும் கொஞ்சமும். 100 மீற்றர் ஓட்டத்தில் ஒரு செக்கன் என்றால் வேறு உலகம். இங்கே ஒரு தாவலில் கால் பிசகி இறங்கினாலே அதைவிடக் கூடப் போய்விடும்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கை எடுங்கள். அவுஸ்திரேலியாவின் ஜகாரா அந்தோனி 83.09 எடுத்துத் தங்கம் வென்றார். வேகத்துக்குப் பெயர் போன அமெரிக்கர் ஜெய்லின் காஃப் 80.28 உடன் வெள்ளி. அந்த இடைவெளியை வேகத்தால் மட்டும் அடைப்பதென்றால் காஃப் இன்னும் இரண்டு செக்கனுக்கு மேல் முந்தியிருக்க வேண்டும். வேகமானவரை வென்றவராக்கும் கை இங்கேதான் வழுக்குகிறது.

அப்படியானால் அந்த 60 எதற்கு? என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வெல்லாவெளிப் பக்கத்து வயல் வீதியைத்தான். அறுவடைக் காலத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் பிடிமானம் இல்லாமல் நின்று வரும் பையனைக் கவனித்திருக்கிறீர்களா? பள்ளத்தில் முழங்கால் மடிகிறது, மேட்டில் நிமிர்கிறது. தலை மட்டும் அசையாமல் ஒரே உயரத்தில் வருகிறது. மொகல்ஸ் நடுவர் தேடுவதும் அதைத்தான். முழங்கால் வேலை செய்ய வேண்டும். தோளும் தலையும் அமைதியாக இருக்க வேண்டும். பாதை நேர்கீழாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் அலையக் கூடாது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது சறுக்குக் கட்டைகளைப் பார்க்காதீர்கள். தலைக்கவசத்தைப் பாருங்கள். அது துள்ளினால் புள்ளி குறைகிறது.

இதைச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு கெட்டிக்காரன் மறுபக்கம் சாய்ந்துவிட்டான். "நேரம் முக்கியமில்லை" என்று எழுதிக்கொண்டு வந்தான். அதுவும் பிழை. 2018 பியோங்சாங்கில் பிரான்சின் பெரின் லஃபோன் 78.65, கனடாவின் ஜஸ்டின் டுஃபூர்-லபுவாந்த் 78.56. வித்தியாசம் 0.09. நேரத்தில் பார்த்தால் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேரத்தால் மட்டும் தங்கம் கிடைப்பதில்லை. ஆனால் அதில் சிந்திய துளிக்காகத் தங்கம் வெள்ளியாகலாம்.

குடும்பப் பெயர் மட்டும் எழுதுவது

2014 சோச்சியில் ஜஸ்டின் தங்கம், அக்கா க்ளோயி வெள்ளி. இன்னொரு அக்கா மாக்சிமும் அதே போட்டியில் இறங்கினார். "டுஃபூர்-லபுவாந்த் வென்றார்" என்று எழுதினால் எந்தப் பிள்ளை என்று அவர்களின் தாயே கேட்பார்.

சுற்றுகளைக் கூட்டுவது

கூட்டாதீர்கள். பியோங்சாங்கிலும் பெய்ஜிங்கிலும் இறுதிப் போட்டி இருபது பேர், பன்னிரண்டு பேர், ஆறு பேர் என மூன்று சுற்றாகச் சுருங்கியது. ஒவ்வொரு சுற்றும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. பதக்கத்தைத் தீர்மானித்தது கடைசி இறக்கம்.

இரட்டை மொகல்ஸ்

2026 ஒலிம்பிக்கில் புதிதாகச் சேர்ந்தது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் இறங்குவதால் ஓட்டம் போலவே தெரியும், அதனால் மேலே சொன்ன பிழை இங்கே இரட்டிப்பாகும். கோட்டை முதலில் தொட்டவர் தோற்கலாம். நடுவர்கள் இருவருக்கும் புள்ளியைப் பங்கிடுகிறார்கள். கூடுதலாகப் பெற்றவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்.

"பனி தேவதை"

வேண்டாம். ஏறக்குறைய 28 பாகைச் சரிவில் முழங்காலை உலக்கையாக்கி இடித்து இறங்குகிறவரை இப்படி எழுத யாருக்கு மனம் வருகிறதோ தெரியவில்லை. ஆண்கள் போட்டியில் யாரும் "பனி கந்தர்வன்" என்று எழுதக் காணோம்.

"இலங்கை இதில் பங்கேற்கவில்லை"

வாசகருக்குத் தெரியும்.

தாளை முழுதும் விரிக்காமல் எழுதுவது

கணித ஆசிரியருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, சைக்கிளை விட்டுவிட்டார். ஆனால் குளிர்கால ஒலிம்பிக் வந்தால் தவறாமல் தொலைபேசி எடுக்கிறார். வணக்கம்கூடச் சொல்வதில்லை. "பிள்ளை, கடைசி நிரலைப் பார்த்தீரா?" பார்த்தேன் என்றால் வைத்துவிடுகிறார். போன சனிக்கிழமை மடித்த தாளை விரித்துக் காட்டியதும், பிழை விட்ட நால்வரில் ஒருத்தி மொத்தப் புள்ளி இருக்கும் அந்தக் கடைசி நிரலைச் சிவப்புப் பேனையால் சுற்றி வட்டமிட்டாள். அவளுடைய பத்தியை இந்த வாரம் திருத்தாமல் அனுப்பியிருக்கிறேன்.